லண்டனின் முதல் பெண் மேயர் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் அல்ல

"உலகின் முதல் பெண் டாக்டரே லண்டனின் முதல் பெண் மேயரும் ஆனார்" என்று எலிசபெத் காரெட் ஆண்டர்சனின் படத்தோடு ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

முறையாக டாக்டர் பட்டம் பெற்ற எலிசபெத் பிளாக்வெல் அவருக்கு முந்தியவர். 1849-லேயே அமெரிக்காவில் பட்டம் வாங்கிவிட்டார். பிரிட்டனின் மருத்துவப் பதிவேட்டில் 1859-லேயே அவர் பெயர் இருக்கிறது. அவருடைய உரையைக் கேட்டுத்தான் காரெட்டுக்கு டாக்டராகும் ஆசையே வலுத்தது.

காரெட் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எந்த மருத்துவக் கல்லூரியும் சேர்த்துக்கொள்ளாததால், மருந்தாளர் சங்கத்தின் விதியில் இருந்த ஓர் இடைவெளி வழியாக 1865-ல் மருத்துவம் பார்க்கும் உரிமம் பெற்றார். உடனே சங்கம் அந்த வழியையும் அடைத்தது. அப்புறம் பிரெஞ்சு கற்று, 1870-ல் பாரிஸில் எம்.டி. முடித்தார். லண்டனில் பெண்களுக்காகப் பெண்களே நடத்திய மருத்துவமனையை உருவாக்கியவரும் அவர்தான்.

சரி, மேயர்? 1908-ல் இங்கிலாந்தின் முதல் பெண் மேயர் ஆனார். ஆனால் லண்டனில் அல்ல, சஃபோக் கடலோரத்தில் அவர் வளர்ந்த சிற்றூரான ஆல்ட்பரோவில். லண்டன் மாநகரின் (லண்டனின் பழைய மையப் பகுதியான 'சிட்டி'யின்) லார்ட் மேயர் பதவி முதன்முதலில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது 1983-ல். அவர் மேரி டொனால்ட்சன், நர்ஸாகப் பயிற்சி பெற்றவர். இவரையும் அந்தத் தகவல் மறைத்துவிடுகிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

லண்டன் மாநகரின் லார்ட் மேயர் பட்டியலில் யாரும் இதைச் சரிபார்க்கலாம். தயவுசெய்து அந்தத் தகவலை இனி அனுப்பாதீர்கள். அனுப்பிய குழுவில் இந்தத் திருத்தத்தைப் போடுங்கள்.