கடலடிச் சேற்றின் ஆபத்தை ஒரே எண்ணில் அடக்காதீர்கள்

கடலோர மாசு பற்றிய ஆய்வுகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அதனால் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கடலடிச் சேற்றை அள்ளி, அமிலத்தில் கரைத்து, ஈயம் இவ்வளவு, காட்மியம் இவ்வளவு என்று அளந்து, ஒரு சூத்திரத்தில் போட்டு "சூழல் அபாயம் குறைவு" என்று முடித்துவிடும் அறிக்கைகள் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அளந்ததில் தப்பு இருக்காது. அந்த எண்ணிலிருந்து முடிவுக்குத் தாவுகிறார்களே, கோளாறு அங்கேதான்.

தண்ணீரை விட்டுவிட்டுச் சேற்றைச் சோதிப்பது சரிதான். இன்று எடுத்த தண்ணீர் நாளை அங்கே இருக்காது. ஆனால் உலோகங்களும், பூச்சிக்கொல்லியான டி.டி.டி., மின்கருவிகளில் பயன்பட்ட பி.சி.பி. போன்ற எளிதில் சிதையாத வேதிப்பொருள்களும் நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் தங்கிவிடும். அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது 1972இல். லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய பாலோஸ் வெர்டஸ் கடலடியில் அதற்கு முன்பு போய்ச் சேர்ந்தது இன்னமும் அங்கே கிடக்கிறது.

சரி, அளந்தாயிற்று. அந்த அளவு ஆபத்தானதா என்று எப்படிச் சொல்வது? பலரும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது ஸ்வீடன் ஆய்வாளர் ஹகான்சன் 1980இல் தந்த அபாயக் குறியீட்டை. பாதரசத்துக்கு 40, காட்மியத்துக்கு 30, துத்தநாகத்துக்கு 1 என்று நச்சு மதிப்பு கொடுத்துப் பெருக்கிக் கூட்டுவார்கள். அது ஸ்வீடன் ஏரிகளை வைத்து, நன்னீருக்காக உருவானது. அந்த நீர்நிலையில் உயிர் உற்பத்தி எவ்வளவு என்பதைப் பொறுத்து நச்சு மதிப்பைத் திருத்த வேண்டும் என்று அவரே வழி சொல்லியிருக்கிறார். அந்தப் படியை விட்டுவிட்டு, 40ஐயும் 30ஐயும் மட்டும் உப்புநீருக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இதை எப்படி ஏற்பது?

அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் லாங் குழுவினர் 1995இல் வெளியிட்ட வரம்புகள் இதைவிட மேல். அவை கடலுக்கும் கழிமுகத்துக்கும் உரியவை. உயிரினங்களுக்குப் பாதிப்பு தெரிந்த தரவுகளைத் திரட்டி வரிசைப்படுத்தி, கீழிருந்து பத்து சதவீத இடத்தில் ஒரு எண்ணையும் நடுவில் ஒரு எண்ணையும் எடுத்தார்கள். பாதரசத்துக்குக் கிலோவுக்கு 0.15, 0.71 மில்லிகிராம். முதல் எண்ணுக்குக் கீழே பாதிப்பு அபூர்வம், இரண்டாவதற்கு மேலே அடிக்கடி வரும், அவ்வளவுதான். எங்கே கூடுதலாக ஆராய வேண்டும் என்று காட்டத்தான் அந்த எண்கள். அதைத் தேர்ச்சி மதிப்பெண்ணாக மாற்றியது பின்னால் வந்தவர்கள்.

மொத்த அளவு ஏன் போதாது என்பதைச் சேறே காட்டும். குழாயை இறக்கி ஒரு சேற்றுத் தூணை வெளியே எடுத்தால், பெரும்பாலும் மேலே மெல்லிய பழுப்பு அடுக்கு, அதற்குக் கீழே கன்னங்கரேலென்ற சேறு, கூடவே அழுகிய முட்டை நாற்றம். கறுப்புக்கு இரும்பு சல்பைடும் நாற்றத்துக்கு ஹைட்ரஜன் சல்பைடும் காரணம். காற்றில்லாத அந்தச் சேற்றில் தாமிரம், ஈயம், துத்தநாகம், காட்மியம் எல்லாம் சல்பைடோடு இறுகிக் கிடக்கும், புழு பூச்சிகளின் உடலுக்குள் எளிதில் போகாது. சல்பைடு குறைந்த இன்னொரு சேற்றில் அதே அளவு துத்தநாகம் கொல்லும். அமிலத்தில் கரைத்து அளந்தால் இரண்டும் ஒரே எண். அப்புறம் ஒரு புயலோ தூர்வாரும் கப்பலோ வந்து கறுப்புச் சேற்றைக் கலக்கிவிட்டால், ஆக்சிஜன் பட்டு சல்பைடு சிதைந்து, கட்டுண்டு கிடந்த உலோகம் அவிழ்ந்துவிடும். பாதரசத்தின் கதை வேறு. காற்றில்லாத சேற்றிலேயே பாக்டீரியாக்கள் அதை உயிர்களின் உடலில் சேரும் கடும் நச்சான மெத்தில் பாதரசமாக மாற்றி, உணவுச் சங்கிலியில் ஏற்றிவிடுகின்றன.

ஜப்பானின் மினமாட்டாவைப் பாருங்கள். அங்கிருந்த ஒரு வேதிப்பொருள் ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. அந்தக் கடல் மீனைத் தின்றவர்களுக்கு வந்த நரம்பு நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956இல். 1977இல் தொடங்கி 1990 வரை நடந்த சீரமைப்பில், பாதரசம் 25 பி.பி.எம்.முக்கு (கிலோவுக்கு 25 மில்லிகிராம்) மேல் இருந்த சேற்றை அகற்ற முடிவு செய்தார்கள். அந்த 25 எந்த உலகப் பட்டியலிலும் இருந்து வந்ததல்ல. அந்த விரிகுடாவின் ஓத ஏற்ற இறக்கம், சேற்றிலிருந்து பாதரசம் நீரில் கசியும் வேகம், மீன்பிடிப்பைப் பொறுத்த பாதுகாப்புக் காரணி ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்டார்கள். லாங்கின் 0.71ஓடு ஒப்பிட்டால் முப்பத்தைந்து மடங்கு அதிகம். 25 என்ற எண் மீன் வழியாக மனிதருக்கு வரும் ஆபத்தைக் கேட்கிறது, 0.71 சேற்றிலேயே வாழும் உயிர்களுக்கு வரும் ஆபத்தைக் கேட்கிறது. யாருக்கு ஆபத்து என்று சொல்லாமல் "அபாயம் குறைவு" என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை. அந்த 25கூட அடியில் வாழும் புழுவுக்கும் சிப்பிக்கும் போதுமான பாதுகாப்பு என்று நான் நினைக்கவில்லை.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. லாங்கும் சாப்மன் என்ற இன்னொரு ஆய்வாளரும் 1985லேயே சொன்னார்கள்: வேதிப்பொருளை அள, சேற்றின் நச்சுத்தன்மையைச் சோதி, அடியில் வாழும் உயிர்க்கூட்டத்தை எண்ணு, மூன்றையும் சேர்த்துப் பார். நச்சுச் சோதனை ஒன்றும் எட்டாக்கனி இல்லை. ஒரு கண்ணாடி ஜாடியில் இரண்டு சென்டிமீட்டர் சேறு, மேலே கடல்நீர், அரிசி அளவுள்ள கூனி போன்ற ஆம்பிபாட்கள் இருபது. பத்து நாள் கழித்துச் சலித்து, உயிரோடு இருப்பவற்றை எண்ண வேண்டும். சுத்தமான சேறு வைத்த ஜாடிகளில் 90 சதவீதம் பிழைத்திருக்காவிட்டால் சோதனையே செல்லாது. நாம் பட்டியலில் சேர்க்காத வேதிப்பொருளையும், பல வேதிப்பொருள்கள் சேர்ந்து செய்யும் கேட்டையும் அந்தச் சின்ன உயிர்கள் காட்டிக்கொடுக்கும். எந்தச் சூத்திரத்தாலும் அது முடியாது.

செலவு அதிகம், நேரம் ஆகும் என்பார்கள். எல்லா இடத்திலும் செய்யச் சொல்லவில்லை. குறைந்தபட்சம் தூர்வாரும் இடங்களிலாவது செய்யட்டும். அப்படியொரு திட்ட அறிக்கை கைக்கு வந்தால் நான் தேடுவது இவற்றைத்தான்: மாதிரி மணலிலா நுண்சேற்றிலா எடுத்தது, எவ்வளவு ஆழம் வரை எடுத்தது, கலக்கிவிட்டால் என்ன வெளியே வரும் என்று சோதித்தார்களா, ஒரு உயிரையாவது அந்தச் சேற்றில் விட்டுப் பார்த்தார்களா. மேல் ஐந்து சென்டிமீட்டரை மட்டும் அள்ளிச் சோதித்துவிட்டு, மூன்று மீட்டர் ஆழத்துக்குத் தோண்ட அனுமதி கேட்கும் அறிக்கையைத் திருப்பி அனுப்ப வேண்டும்.