சொர்க்கப் பறவைகள் கூண்டிலும் குஞ்சு பொரித்திருக்கின்றன

நியூகினித் தீவிலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் வாழும், அழகிய இறகுகள் கொண்ட சொர்க்கப் பறவைகளைப் பற்றி, "அவை எந்த உயிரியல் பூங்காவிலும் குஞ்சு பொரித்ததில்லை, அங்குள்ளவை எல்லாம் நியூகினிக் காட்டில் பிடிக்கப்பட்டவையே" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. குஜராத்தின் பாவ்நகர் அரச குடும்பத்தைச் சேர்ந்த தர்மகுமார்சிங்ஜி, ராகியானா என்னும் சொர்க்கப் பறவை இனத்தின் கிளையினம் ஒன்றைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்வித்து, அந்தக் குறிப்புகளை 1943-இலேயே அறிவியல் இதழில் வெளியிட்டார். இந்தியாவில் நிகழ்ந்த இந்தச் சாதனையைப் பலரும் அறியாதிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. சிங்கப்பூரின் ஜூரோங் பறவைப் பூங்காவிலும் 2001-இல் பன்னிரு கம்பிச் சொர்க்கப் பறவை என்னும் மற்றோர் இனம் குஞ்சு பொரித்தது.

இவற்றை வளர்ப்பது கடினம் என்பதை மறுக்கவில்லை. பெரும்பாலான இனங்களில் கூடு கட்டுவது, அடைகாப்பது, குஞ்சுக்கு இரையூட்டுவது ஆகிய அனைத்தும் பெட்டையின் பொறுப்பு. ஆடிக் காட்டி இணை சேர்வதோடு சேவலின் பங்கு முடிந்துவிடுகிறது. அதன் பின்னும் சேவல் அதே கூண்டில் இருந்தால் பெட்டையைத் துரத்தித் தொல்லை செய்யக்கூடும் என்பதால், இரண்டையும் அடுத்தடுத்த கூண்டுகளில் வைத்து, பெட்டை இணை சேர ஆயத்தமாகும்போது மட்டும் இடைக்கதவைத் திறந்துவிடுவது நல்ல முறை. கல்லீரலில் இரும்புச்சத்து தேங்கும் நோய் இப்பறவைகளை எளிதில் தாக்குகிறது. ஆகவே இரும்பு குறைந்த தீவனத்தையே கொடுக்க வேண்டும், இரும்பை உடல் கூடுதலாக உறிஞ்சத் தூண்டும் ஆரஞ்சு போன்ற புளிப்புப் பழங்களைத் தவிர்க்க வேண்டும்.