குழாயை எடுக்கும் கை

"சிஸ்டர், அந்தக் குழாயை எடுத்தால் அப்பாவுக்கு வலிக்குமா?"

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மகன் என்னிடம் கேட்டார். அரை மணி நேரத்துக்கு முன்புதான் பெரிய டாக்டர் அவரை உட்காரவைத்து, அப்பாவின் சுவாசக் குழாயை எடுப்பது பற்றி எல்லாம் விளக்கியிருந்தார். அங்கே தலையாட்டிவிட்டு வந்தவர், சளி உறிஞ்சிக்கொண்டிருந்த என்னிடம் வந்து கேட்டார். "வலி தெரியாமலிருக்க மருந்து போகிறது அண்ணா" என்றேன். அவர் நம்பினாரா, தெரியவில்லை.

கருணைக்கொலை பற்றி எங்கே விவாதம் நடந்தாலும் அந்த மகன்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார். இந்தியாவில் இந்த விவாதத்தை நாடறியச் செய்ததே ஒரு செவிலியரின் படுக்கை என்பது பலருக்கு மறந்துவிட்டது. அருணா ஷான்பாக், மும்பை கே.இ.எம். மருத்துவமனை. 1973 நவம்பர் 27 அன்று, பணியிடத்திலேயே ஒரு துப்புரவுப் பணியாளன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கிச் சீரழித்தான். மூளைக்கு ரத்தம் போகாமல் நினைவிழந்தவர், 2015 மே 18 வரை அதே மருத்துவமனையில் கிடந்தார். ஏறக்குறைய 42 ஆண்டுகள். அவனுக்குக் கிடைத்த தண்டனை ஏழு ஆண்டு. அதுவும் தாக்குதலுக்கும் கொள்ளைக்கும்தான். பாலியல் குற்றத்துக்கு அல்ல. இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

அந்த நீண்ட ஆண்டுகளில் என்னை மலைக்கவைப்பது ஒன்றுதான்: அவருக்கு ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை. 37 ஆண்டுகளில் ஒன்றுகூட வரவில்லை என்று 2011-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவான செய்தி இது. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், ஈரம் இருக்கக் கூடாது, இடுப்பெலும்பும் குதிகாலும் சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்தபோது அவரைத் தெரியாத பெண்கள்கூட ஓய்வு பெறும்வரை இதைச் செய்தார்கள்.

அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்தலாம் என்று எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். எதிர்த்தவர்கள் அந்தச் செவிலியர்கள்தான். 2011 மார்ச் 7 அன்று, அருணாவுக்காகப் பேசும் உரிமை மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்று சொல்லி மனுவை நிராகரித்தது நீதிமன்றம். செவிலியர்கள் இனிப்பு வழங்கினார்கள். அதே தீர்ப்புதான், உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்று வழியும் திறந்தது.

அந்த இனிப்பு எனக்கு இன்றும் முழுதாகச் செரிக்கவில்லை. அவர்கள் காட்டிய அன்புக்கு முன் நான் தூசு. ஆனால் அத்தனை ஆண்டு ஊட்டிய கைக்கு "போதும்" என்று சொல்ல வருமா? அந்த உடம்புக்குள் அருணா என்ன வேண்டினார் என்பது யாருக்கும் தெரியாது. ஊசி போட்டு உயிரை எடுப்பதற்கு நான் எதிரி. பலன் தராத சிகிச்சையை நிறுத்துவதற்கு எதிரி அல்ல. நம் ஊர்ப்பக்கம் முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவைக்கும் தலைக்கூத்தல் நடந்ததை அறிந்தவள் என்பதால், "சுமை" என்ற சொல்லைக் கேட்டாலே உஷாராகிவிடுவேன்.

2018-இல் உச்ச நீதிமன்றம், மீள முடியாத நிலை வந்தால் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உயிர்விருப்ப ஆவணத்தை ஏற்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. சிகிச்சையை நிறுத்தலாமா என்று இரண்டு குழுக்கள் பார்க்க வேண்டும். முதல் குழுவில் சிகிச்சை தரும் மருத்துவர், கூடவே துறை அனுபவமுள்ள இரண்டு மருத்துவர்கள். இரண்டாவது குழுவிலும் மருத்துவர்கள்தான். இரண்டிலும் செவிலியருக்கு இடமில்லை. கனடாவில் பயிற்சி பெற்ற உயர்நிலைச் செவிலியர் கருணை மரணத்தையே நடத்திக்கொடுக்கலாம். நான் அவ்வளவு தூரம் கேட்கவில்லை. அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டவே வேண்டாம்.

நான் கேட்பது சின்ன விஷயம். இரவு மூன்று மணிக்கு அந்த நோயாளி முகம் சுளித்தாரா, மகள் குரல் கேட்டால் நாடித்துடிப்பு மாறியதா, புரட்டும்போது முனகினாரா என்றெல்லாம் எங்கள் குறிப்பேட்டில் எழுதுகிறோம். குழு கூடும்போது அதை ஒருவராவது புரட்டிப் பார்க்க வேண்டும். எழுதியவளைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்க வேண்டும். குழாயை எடுக்க மனம் ஒப்பாத செவிலியருக்கு அன்றைக்கு வேறு படுக்கை ஒதுக்கிக் கொடுக்க வேண்டும், மெமோ அல்ல.

அந்த மகனின் அப்பாவுக்குக் குழாயை எடுத்தது நான்தான். அன்று என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.