மட்டுக்கட்டுவது பிறகுதான்

மடு மாதா கோவிலில் கடவுளை உணர்கிறோம். பாசையூர் அந்தோனியார் திருவிழாவிலும் உணர்கிறோம். செவ்வாய்க்கிழமை காலமை ஏழு மணிக்கு, புட்டு அவிந்துகொண்டிருக்க, பிள்ளையின் ஒரு பக்கச் சொக்ஸைக் காணாமல் வீடே கத்தும்போது? "அவர் எங்கும் இருக்கிறார்" என்று ஞானோபதேசத்தில் படித்த பதில் வரும். பதில் சரிதான். எங்கும் இருக்கிறார் என்பதையே எங்கேயும் தேடாமல் இருப்பதற்குச் சாட்டாக்கிவிட்டோம் என்பதுதான் பிரச்சினை.

அந்தக் கணத்திலேயே அவரை உணரவேண்டும் என்று மினக்கெடத் தேவையில்லை என்பது என் எண்ணம். விவிலியத்தில் யாக்கோபு நித்திரையால் எழும்பின பிறகுதான் ஆண்டவர் அங்கே இருந்ததை அறிகிறார். உயிர்த்த இயேசு இரண்டு சீடரோடு வழிநடந்த எம்மாவு, எருசலேமிலிருந்து அறுபது ஸ்தாதியத் தூரம், ஏறக்குறைய யாழ்ப்பாணத்திலிருந்து சுன்னாகம். அந்த இரண்டு பேரும் கதைத்துக்கொண்டே போயும் கூட வந்தவரை மட்டுக்கட்டவில்லை. அப்பம் பிட்டபோதுதான் ஆள் பிடிபட்டது. வழியில் உள்ளம் பற்றி எரிந்தது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

1521 இல் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுப் படுக்கையில் கிடந்த, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் கண்டதும் இதையே. வீரக் கனவுகள் இனிக்கும், கலைந்ததும் வெறுமை. புனிதர்களைப் போல வாழும் எண்ணமோ போன பிறகும் நிறைவைத் தந்தது. அவர் பிறகு எழுதிவைத்த ஆத்தும சோதனையில், அதாவது அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் செபத்தில், ஐந்து படிகள்: நன்றி, ஒளி கேட்டல், மணிக்கு மணி அன்றைய நாளைப் பார்த்தல், மன்னிப்பு, திருந்தத் தீர்மானம்.

பத்து, பதினைந்து நிமிடம் போதும். இராச்சாப்பாட்டுக்கு முன் கதிரையில் இருந்து செய்யுங்கள். பாயில் படுத்தால் இரண்டாம் படியிலேயே குறட்டை. கொப்பியும் பேனையும் வேண்டும். போனில் எழுதப் போனால் வட்ஸ்அப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவீர்கள்.

நன்றி முதலில் வருவது சும்மா இல்லை. பலர் இதைக் குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கான ஆயத்தம் என்று எண்ணி நேரே பாவக் கணக்குக்குப் போகிறார்கள். மூன்று நாளில் வெறுத்துப் போகும். "எல்லாவற்றுக்கும் நன்றி ஆண்டவரே" என்பதும் உதவாது. திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயம் நிறுத்த அம்மா, தராசு சமநிலைக்கு வந்த பிறகும் ஒரு பிடி அள்ளிப் போட்டாரே, அதை எழுதுங்கள். பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஆனால் அவர் போடாமலும் விட்டிருக்கலாம்.

மூன்றாம் படிக்குத்தான் பாதி நேரம் போகவேண்டும். "பத்து மணி, கந்தோரில் கோபம்" என்று எழுதினால் போதாது. கோபத்துக்குப் பிறகு என்ன மிஞ்சியது? கசப்பா, கூச்சமா, போய் ஒரு வார்த்தை கதைப்போம் என்ற உந்துதலா? அந்த உந்துதலின் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். ஐந்தாம் படிக்கு அதுவே கைகொடுக்கும்.

இன்னொரு பிழை, நல்லது நடந்தால் கடவுள் வந்தார், கெட்டது நடந்தால் வரவில்லை என்று கணக்குப் பார்ப்பது. 1995 யூலை 9 இல் நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள்மீது குண்டு விழுந்தது. "நான் தப்பினேன், கடவுள் காத்தார்" என்பதை அந்த ஊரில் யாரும் கவனமாகத்தான் சொல்லவேண்டும். தப்பியதை மட்டும் அவர் கணக்கில் எழுதினால், தப்பாதவர்களோடு அவர் இருக்கவில்லை என்றாகிவிடும். சிலுவையை நம்புகிறவர்கள் அப்படிச் சொல்ல ஏலாது.

ஒன்றுமே தோன்றாத வறட்சி நாட்கள் வரும். அந்த நாட்களில், முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றவேண்டாம் என்பது இஞ்ஞாசியாரின் விதி. பத்து நிமிடத்தைக் குறைக்காதீர்கள். முடிந்தால் ஒரு நிமிடம் கூடுதலாக இருங்கள்.

ஞாயிறு பூசைக்குப் போகமுதல் அந்தக் கிழமைப் பக்கங்களைப் புரட்டுங்கள். ஒரே ஆளின் பெயர் நாலு தரம் வந்திருந்தால் அதைப் பங்குச் சுவாமியிடம் கதைக்கலாம். கொப்பியை மட்டும் வீட்டில் யார் கண்ணிலும் படாமல் வையுங்கள்.