சேவலைத் தொங்கவிட்டு அறுப்பது குறித்து

கால்களைக் கட்டித் தொங்கவிட்டுச் சேவலை அறுக்கலாம் என, வீட்டில் கோழி அறுப்பது பற்றிய கட்டுரை ஒன்று கூறுவதில் எனக்கு உடன்பாடில்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில், ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள்களில் வீட்டிலேயே அறுத்துப் பழகிய எங்கள் குடும்பத்தில், முதல் நாள் மாலையோடு தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைத்து, விடியும் முன் இருட்டிலேயே சேவலைப் பிடித்து, அடியில் துளையுள்ள தகரக் கூம்பில் தலைகீழாக இறக்குவோம். இறக்கையடிக்க இடமில்லாததால் அது பெரும்பாலும் அடங்கிவிடும். தாடைக்குச் சற்றுக் கீழே கழுத்தின் இருபுறக் குருதிக்குழாய்களையும் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டியிருப்பதால், கத்தி நன்கு தீட்டப்பட்டிருக்க வேண்டும் (மழுங்கிய கத்தியோடு வந்து நின்ற சித்தப்பா ஒருவரை இன்னும் மறக்கவில்லை). அதன்பின் வரும் துடிப்பு பெரும்பாலும் நரம்புகளின் அனிச்சைச் செயலே. எனினும் குருதி வடிந்து உடல் முழுமையாக அடங்கும் வரை, சுமார் 2 நிமிடங்களாவது, வெந்நீரில் முக்கக் கூடாது. முதிர்ந்த சேவலாயின் இறைச்சியை ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்திருந்து சமைப்பது நல்லது.