ஏலக்காய் ரேட்டு பார்த்தவர்களுக்கு பி.இ. புரியாமல் போகாது

2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது கம்பம், போடி, குமுளி பக்கம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வருட வருமானத்தை வைத்துத் தோட்டத்துக்கு விலை பேசினால், நாலே வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும் என்றுதான் கணக்கு சொல்லும். ஆனால் 2022-ல் சராசரி 1,000 ரூபாய்க்குக் கீழே. மண்ணும் செடியும் அதேதான். உச்ச வருடத்து வருமானத்தை எல்லா வருடத்துக்குமான வருமானம் என்று எடுத்துக்கொண்டதில்தான் தப்பு.

தொழில்துறைப் பங்குகளில் இதே தப்பு தினமும் நடக்கிறது. "பி.இ. 20தான், மலிவா இருக்கு" என்கிறார்கள். பி.இ. என்றால் கம்பெனியின் மொத்தச் சந்தை மதிப்பு அதன் ஒரு வருட லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது. எந்த வருட லாபத்துக்கு 20? விற்பனை 1,000 கோடி, இந்த வருடம் லாப விகிதம் 20 சதவீதம், லாபம் 200 கோடி, மொத்தச் சந்தை மதிப்பு 4,000 கோடி என்று வையுங்கள். பத்து வருட சராசரி லாப விகிதம் 11 சதவீதம்தான் என்றால் நிஜ லாபம் 110 கோடி, நிஜ பி.இ. 36. ஸ்டீல், கெமிக்கல், கேப்பிடல் கூட்ஸ் (ஆலைகளுக்கான இயந்திரங்கள்) எதுவானாலும் முதலில் இதைப் போட்டுப் பாருங்கள். இந்த வகைப் பங்குகள் உச்சத்தில் இருக்கும்போதுதான் பி.இ. குறைவாகக் காட்டும்.

அடுத்தது ஆர்டர் புக் மயக்கம், அதாவது இன்னும் செய்து முடிக்காமல் கையில் இருக்கும் ஆர்டர்களின் மொத்த மதிப்பைப் பார்த்து மயங்குவது. நம் பக்கம் பலர் வைத்திருக்கும் கொச்சி ஷிப்யார்டையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலையில் பங்கு 2,979 ரூபாய். சுமார் 26.3 கோடிப் பங்குகள், ஆக மொத்தம் ஏறக்குறைய 78,000 கோடி. முந்தைய நிதியாண்டின் லாபம் 780 கோடி சொச்சம். நூறு மடங்கு! கையில் இருந்த ஆர்டர் 22,000 கோடி அளவில். தாராளமாக 20 சதவீதம் லாபம் என்றாலும் 4,400 கோடி, அதுவும் கப்பல் கட்டி முடியப் பல வருடம் ஆகும். மீதி 73,600 கோடி இன்னும் வராத ஆர்டருக்குக் கொடுத்த விலை. எட்டு மாதத்துக்குள் பங்கு பாதிக்கும் கீழே வந்தது. கம்பெனிக்கு ஒரு குறையும் இல்லை, அடுத்த வருடம் லாபம் கூடத்தான் செய்தது. வாங்கிய விலைதான் அதிகம்.

எனக்குப் பிடித்த சோதனை, கணக்கைத் திருப்பிப் போடுவது. பத்து வருடத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வேண்டுமென்றால் பங்கு 3.1 மடங்காக வேண்டும். பத்தாவது வருடம் பி.இ. 25-க்கு வந்துவிடும் என்று வையுங்கள். இன்று பி.இ. 30 என்றால் லாபம் ஆண்டுக்கு 14 சதவீதம் வளர்ந்தால் போதும். 60 என்றால் 22 சதவீதம். 100 என்றால் 28 சதவீதத்துக்கு மேல், அதாவது லாபம் பன்னிரண்டு மடங்குக்கும் மேலாக வேண்டும். அந்தக் கம்பெனி இதற்கு முன் எந்தப் பத்து வருடத்திலாவது அப்படி வளர்ந்திருக்கிறதா?

டெக்னாலஜியில், இன்டர்நெட் இணைப்புக் கருவிகள் செய்யும் அமெரிக்கக் கம்பெனி சிஸ்கோவைப் பாருங்கள். 2000 மார்ச்சில் பங்கு 80 டாலர். இன்டர்நெட் வளரும் என்று நம்பியவர்கள் சொன்னது அப்படியே பலித்தது, பத்து வருடத்தில் விற்பனை இரண்டு மடங்கானது. 2010 முடிவில் பங்கு 20 டாலர்!

இப்போதைய ஏஐ கம்பெனிகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: தேய்மானம். வாங்கிய இயந்திரத்தின் விலையை அதன் ஆயுள் வருடங்களுக்குப் பிரித்து, வருடாவருடம் செலவாகக் காட்டுவதுதான் அது. 2025-ல் மெட்டா தன் சர்வர்களுக்குக் கணக்கில் காட்டும் ஆயுளை ஐந்தரை வருடமாகக் கூட்டியது. அதே வருடம் அமேசான் சிலவற்றுக்கு ஆறிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. ஆயுளைக் கூட்டினால் ஒரு ரூபாய் கூடுதலாகச் சம்பாதிக்காமலே அந்த வருட லாபம் ஏறும்.

லாபம் காகிதத்தில் மட்டுமா என்று அறிய, ஐந்து வருட லாபத்தைக் கூட்டி, அதே ஐந்து வருடத்தில் தொழிலிலிருந்து கையில் வந்த பணத்தோடு ஒப்பிடுங்கள். லாபம் 500 கோடி, வந்த பணம் 150 கோடி என்றால் மீதி பெரும்பாலும் வரவேண்டிய பாக்கியிலும் சரக்கிலும் முடங்கிக் கிடக்கும். அரசு ஆர்டர் எடுப்பவர்களுக்குப் பாக்கி வந்துசேரத் தாமதமாகும். அதுவரை கடன், வட்டி, இல்லையென்றால் புதுப் பங்கு வெளியீடு. பங்கு எண்ணிக்கை கூடினால் உங்கள் பங்குக்குரிய லாபம் குறையும்.

பி.இ. 60 என்றாலே ஓடவும் வேண்டாம். புது ஆலை போட்டு, வட்டியும் தேய்மானமும் முழுதாக விழுந்து, உற்பத்தி 40 சதவீதத்தில் நிற்கும் வருடத்தில் லாபம் ஒடுங்கித்தான் இருக்கும். அங்கே நிர்வாகத்தின் காலாண்டுக் கூட்டப் பதிவில் ஆலை எத்தனை சதவீதம் ஓடுகிறது என்று தேடிப் படியுங்கள்.