அது மண்டேலா பேசியது இல்லை

"நம் ஆழமான பயம், நாம் திறமையற்றவர்கள் என்பதல்ல... நீ கடவுளின் குழந்தை" என்று 1994-இல் தென்னாப்பிரிக்க அதிபராகப் பதவியேற்ற விழாவில் நெல்சன் மண்டேலா பேசியதாக ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மனதைத் தொடும் வரிகள்தான். ஆனால் அவருடையவை அல்ல. அமெரிக்க எழுத்தாளர் மேரியன் வில்லியம்சன் 1992-இல் வெளியிட்ட புத்தகத்தில் உள்ளவை.

மே 10 அன்று பிரிட்டோரியாவில் மண்டேலா ஆற்றிய உரை நெல்சன் மண்டேலா அறக்கட்டளையின் இணையதளத்தில் இருக்கிறது. படித்துப் பாருங்கள். கடைசியில் "கடவுள் ஆப்பிரிக்காவை ஆசீர்வதிக்கட்டும்" என்று வாழ்த்துகிறார், அவ்வளவுதான்.

மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபையின் பள்ளிகளில் படித்தவர் அவர். 27 ஆண்டுச் சிறைவாசத்தில் 18 ஆண்டுகள் ராபன் தீவில். அங்கே எந்தச் சபையின் வழிபாடு நடந்தாலும் போய் உட்கார்ந்தார். அந்தப் பொறுமையைச் சொல்ல இரவல் வரிகள் எதற்கு? படம் வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.